வாய்விட்டுப் படிப்பவள்

"டீச்சரம்மா, இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்" என்றார் கிடங்குத் தலைவர்.

கூட்ட அறை சிரித்தது. திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்த திட்ட மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை; கோபித்துக்கொள்ளவும் இல்லை.

"இருக்கட்டும் சார். எனக்கு வாய்விட்டுப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்" என்றவள், விட்ட இடத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினாள். "மேல் வரி, வந்த சரக்கு. அதுக்குக் கீழ, போன சரக்கு. வலது ஓரத்துல சிவப்பா இருக்கிறது, குறைஞ்சுக்கிட்டு வர்ற சரக்கு."

மேலாளர் என்ற பெயருக்குக் குறைச்சலில்லை. ஆனால் அவளுக்குக் கீழே வேலை பார்க்க ஓர் ஆள் கிடையாது. யாரையும் அதட்டவோ மாற்றவோ அதிகாரமும் கிடையாது. கிடங்கின் காகிதக் கட்டுகளை ஒழித்துவிட்டு ஆளுக்கொரு கையடக்கத் திரையைக் கொண்டுவர உத்தரவு போட்டவர்கள், அதற்கு மூன்று துறைத் தலைவர்களைச் சம்மதிக்கவைக்கும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். கணக்குத் துறை தலையாட்டிவிட்டது. போக்குவரத்துத் துறையும் ஆட்டிவிட்டது. கிடங்குத் தலைவரின் தலை மட்டும் அசையவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். அது அவர் காதுக்கும் வந்து சேர்ந்திருந்தது. வந்ததில் அவருக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. முட்டுக்கட்டை என்று ஏசுகிறவரையில், வேறெதுவும் வெளியே தெரியவில்லை என்றுதானே பொருள்.

தெரியக்கூடாத அந்த விஷயம், அவர் கண். ஆள் தெரியும், வழி தெரியும், மேலே கூரையும் தெரியும். எதை உற்றுப் பார்க்கிறாரோ அது மட்டும் புகை படிந்தாற்போல் மறைந்துவிடும். கண்ணாடியை மாற்றிப் பயனில்லை, இதற்குமேல் மோசமாகாமல் வேண்டுமானால் தடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காகிதம் வந்தால், "என்னன்னு படி" என்று உதவியாளரை ஓர் அதட்டல் போடலாம். பதவியின் மிடுக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். கையில் ஒரு திரையைத் திணித்துவிட்டால் யாரை அதட்டுவது?

"சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி, அன்று மாலை அவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டபடி.

"சொன்னா மறுநாளே ஒரு மூலையில நாற்காலியப் போட்டு உட்கார வெச்சிடுவாங்க. ஓய்வு பெறுற வரைக்கும் ஃபேனைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

"ஃபேனாவது தெரியுதே."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டுமாவது சொல்லலாமில்ல?"

"யாரு, டீச்சரம்மாகிட்டயா? அது ஒரு அசடு. திரையில இருக்கிறத எழுத்து விடாம ஒப்பிக்குது."

"ஒப்பிக்காட்டி உங்க பாடு என்ன ஆகும்? அசடுன்னு சொல்றதுக்கு முன்னாடி அதையும் யோசிங்க. ஆடாதீங்க, மருந்து கன்னத்துல வழியுது."

அடுத்த வாரம் கடைசிக் கூட்டம். அன்றைக்கும் சம்மதம் கிடைக்காவிட்டால் திட்டத்தை மூட்டை கட்டுவது, கூடவே திட்ட மேலாளரையும் அனுப்பிவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அவருக்கும் அது தெரியும். நினைத்தால் நெஞ்சில் ஏதோ உறுத்தத்தான் செய்தது. அவளைப் பார்த்தால் நான் பிழைப்பது எப்படி என்று அதை அதட்டி அடக்கினார். அதட்டுவது பழகிப்போன கலை.

கூட்டத்தன்று காலை, வீட்டில் குழாய் உடைந்துவிட்டதென்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுக் கண் மருத்துவரிடம் போனவருக்குத் திரும்பிவர நேரமாகிவிட்டது. கூட்ட அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தள்ளப் போனவர் நின்றார்.

"இது போன மாச நிலவரம். பார்த்துட்டீங்களா? அடுத்தது." அவள் குரல்தான். "இதையும் பார்த்துக்கங்க. அடுத்தது."

"என்னம்மா, இன்னிக்கு இந்த ஓட்டம் ஓடுறீங்க?" என்றார் கணக்குத் தலைவர். "ஒப்பிக்கலையா? மண்டையில ஏறணுமே."

"அவர் வரட்டும் சார். வந்ததும் முதல்லேருந்து படிக்கிறேன்."



"சரிம்மா" என்றார் கணக்குத் தலைவர், சற்றுப் பொறுத்து. அந்தக் குரலில் கேலி இல்லை. "மெதுவாவே படிங்க. எங்களுக்கு அவசரமில்ல."

கதவுக்கு வெளியே கிடங்குத் தலைவர் நின்ற இடத்திலேயே நின்றார். முதலில் வந்தது ஆத்திரம். நடுத்தெருவில் துணியில்லாமல் நிற்பது போலிருந்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அதன் பின்னாலேயே, ஒவ்வொரு கூட்டத்திலும் திரையை ஒட்டினாற்போல் தனக்கென்று காலியாக இருக்கும் அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. பதவிக்குக் காட்டுகிற மரியாதை என்று நினைத்தல்லவா அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அவளைக் கேலி செய்துகொண்டிருந்தார்.

உள்ளே போனார். நாற்காலி இன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது.

அவள் ஒன்றும் நடவாததுபோல் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். "மேல் வரி, வந்த சரக்கு. அதுக்குக் கீழ…"

"டீச்சரம்மா."

"சார்."

"கிடங்குக்குச் சம்மதம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும். எனக்குக் கண்ணு சரியில்ல. நீங்க கொடுக்கப்போற திரையில என்ன எழுதியிருந்தாலும் என்னால படிக்க முடியாது."

அவள் தன் பைக்குள்ளிருந்து கையடக்கத் திரை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரலைப் பிடித்து ஓரத்திலிருந்த பொத்தானில் வைத்து அழுத்தினாள்.

"மேல் வரி, வந்த சரக்கு" என்றது அது.

"ஆரம்பத்துலயே இதைப் பேசுற மாதிரிதான் செய்யச் சொன்னேன் சார்" என்றாள் அவள். "அதுவும் என்னை மாதிரிதான். வாய்விட்டுப் படிச்சாத்தான் அதுக்கு மண்டையில ஏறுமாம்."