எடுக்கவில்லை

காலையில் ஜம்புநாதன் வீட்டு வாசலில் போலீஸ் கார் நின்றதாம். நடைப்பயிற்சிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் சேனாபதி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"காரை எடும்மா யாமினி. அவன் ஓடறதுக்குள்ள புடிக்கோணும்."

மருமகள் யாமினி ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் நகரில், அவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் ஜம்புநாதன் வீடு. அதற்குள் மாமனார் அவரைத் திட்டுவதற்குப் புதிய வார்த்தைகள் இல்லாமல், திட்டியதையே மறுபடி திட்டத் தொடங்கியிருந்தார்.

சாவுச் செலவுக்கு முன்கூட்டியே பணம் கட்டிவைக்கிற பிளான் அது. கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பெரியவர்களாகப் பார்த்துப் பேசிச் சேர்த்துவிட்டவர் ஜம்புநாதன்தான். தகனத்திலிருந்து அஸ்தியைப் பவானி கூடுதுறையில் சேர்ப்பது வரை எல்லாமே கம்பெனியின் பொறுப்பு. "ஒரு போன் போட்டாப் போதும்ங்ணா, வீட்டுக்கே வந்து எல்லாம் பார்த்துக்குவாங்க" என்று அவர் சொன்னதும் சேனாபதி நம்பிவிட்டார். ஊர்க்காரன் சொல்கிறான், வேறென்ன விசாரிக்க வேண்டும்?

கோபியில் வீட்டை விற்ற பணத்தில் தனக்கும் மனைவிக்கும் சேர்த்தே கட்டினார். மனைவிக்கு டயாலிசிஸ் நடக்கிறது, போன மாதம் டாக்டர் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. மகன் செழியன் வேலை பார்க்கும் இடத்திலோ தினம் ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடைசிச் செலவையாவது அவன் தலையில் ஏற்றக் கூடாது என்று நினைத்தார்.

நேற்றுதான் யாமினி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். டெக்சாஸில் இப்படி முன்பணம் வாங்குகிற கம்பெனிக்கு மாநில அரசின் பர்மிட் வேண்டும். வாங்கிய பணத்துக்கும் பாதுகாப்பு காட்ட வேண்டும். யாருக்குப் பர்மிட் இருக்கிறது என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் பார்த்தாள். இந்தக் கம்பெனியின் பெயரே அதில் இல்லை.

காலையில் எழுந்ததிலிருந்து சேனாபதி ஜம்புநாதனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

காலிங் பெல்லை அழுத்தியதும் ஜம்புநாதனின் மனைவி நாகமணி கதவைத் திறந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கையிலிருந்த செல்போனில், காத்திருக்கச் சொல்லிப் போடுகிற இசை சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது.

'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவை விட்டு விலகி நின்றாள், அவ்வளவுதான்.

சேனாபதிக்குச் சுருக்கென்றது. எதிரி வாசலுக்கு வந்தாலும் 'வாங்க' என்று கேட்கிற ஊர் அவர்களுடையது. பணத்தோடு மரியாதையும் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு யாருங்ணா சொன்னாங்க?" என்று நாகமணி மெதுவாகக் கேட்டாள்.

"ஊருக்கே தெரியும் அம்மணி. வாசல்ல போலீஸ் வந்து நின்னா மறைக்க முடியுமா?"

"அவங்க எல்லாம் பார்த்துட்டு, தப்பா ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"தப்பா ஒண்ணும் இல்லையாமா? கேட்டுக்கம்மா யாமினி."

வீட்டுக்குள் ஏசி ஓடிய ஓட்டத்தில் யாமினிக்குப் பல் கிட்டியது. துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நாகமணி உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. சேனாபதி அதையும் மனதில் குறித்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, அந்தக் கம்பெனிக்கு பர்மிட்டே இல்ல. நான் செக் பண்ணிட்டேன்" என்றாள் யாமினி.

"எனக்கும் இன்னைக்குக் காலையிலதாம்மா தெரிஞ்சுது. அவருக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது." நாகமணி செல்போனைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினாள். "சபரி சியாட்டில்ல இருந்து ஃப்ளைட் ஏறிட்டான். அவன் வந்துட்டா..."

"மகன் எதுக்கு, மூட்டை கட்டறதுக்கா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சேனாபதி விடவில்லை. அவர் குரல் உயர்ந்து, பாதியிலேயே உடைந்தது.

"என் ஊட்டுக்காரி எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா அம்மணி? பையனுக்குச் செலவு வெக்காமப் போறோம்ங்கற நிம்மதி ஒண்ணு போதும்னா. இப்ப அவ மூஞ்சியில போய் நான் எப்படி முழிப்பேன்? காலையில இருந்து உம்புருசனுக்கு எத்தனை போன் போட்டேன். ஒண்ணையாவது எடுத்தானா?"

யாமினி அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

செல்போனில் இசை நின்றது. மறுமுனையில் யாரும் பேசவில்லை, இணைப்புத்தான் அறுந்தது. நாகமணி அதைச் சோபாமேல் வைத்தாள். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

"உள்ளேதான் இருக்கானா? மொதல்ல வெளிய வரச் சொல்லு" என்றார் சேனாபதி.

"மொத பிளானே அவரு பேர்லதான் போட்டாருங்ணா" என்றாள் நாகமணி. "அவரை எடுக்கறதுக்குத்தான் இன்னும் ஆளு வரலை."