புரவலர் தட்டுக் காளான்

"இங்க வாய்யா திதியஸ். இன்னைக்கு என் பக்கத்துல சாஞ்சுக்கோ."

புரவலர் நொவெல்லியஸ் கூப்பிட்டதும் திதியஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் விடிந்ததும் அவர் வாசலில் நின்று கும்பிடு போடுகிறவன் அவன். விருந்தென்றால், எல்லோரும் சாய்ந்தபடி சாப்பிடும் மஞ்சங்களில் கடைசி மஞ்சத்தின் கடைசி மூலைதான் அவனுக்கு.

சாப்பாடும் அப்படித்தான். புரவலருக்கு வெள்ளை ரொட்டி, அவரை அண்டிப் பிழைப்பவர்களுக்குப் பல்லை உடைக்கும் ரொட்டி. அவருக்கு ராஜ காளான், இவர்களுக்கு எந்தக் குப்பையில் முளைத்ததோ யாருக்குத் தெரியும்? ரோமாபுரியில் எந்தப் பெரிய வீட்டிலும் இதுதான் வழக்கம். முகம் சுளித்தால் அடுத்த விருந்துக்கு அழைப்பு வராது.

இன்று நொவெல்லியஸ் தன் தட்டிலிருந்தே ஒரு பெரிய காளானை எடுத்து அவனுக்கு வைத்தார்.

"வீட்டுக்கு மூட்டை கட்டாத. என் கண்ணு முன்னாடி சாப்பிடு."

வழக்கமாகப் புரவலரின் சாப்பாட்டை அவருக்கு முன்னால் சுவை பார்க்கும் அடிமை காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறானாம். எதிர் மஞ்சத்தில் சாய்ந்திருந்த நொவெல்லியஸின் மருமகன் பல்வலி என்று சொல்லி எதையும் தொடவில்லை.

திதியஸ் இதையெல்லாம் எங்கே கவனித்தான்? அவன் நினைப்பு முழுக்க மகள் மேல் இருந்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை, எதைக் கொடுத்தாலும் வாயைத் திருப்பிக்கொள்கிறாள். காலையில் அதிசயமாக ஒன்று கேட்டாள், பெரிய வீட்டுக் காளான் எப்படிப்பா இருக்கும் என்று.

காளானை வாயில் வைப்பதுபோல் வைத்து, இருமினான். கொண்டுவந்த கைத்துண்டால் வாயைப் பொத்தினான். காளான் துண்டுக்குள் போய்விட்டது. பிறகு வெறும் வாயை வெகு ருசியாக மென்றான்.

நொவெல்லியஸ் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் மேல் இவ்வளவு பாசமா என்று திதியஸுக்குக் கண் கலங்கியது.

அவன் குடியிருக்கும் கட்டடத்திலேயே மாடியில் இருப்பவன் வெத்தியஸ், துணி வெளுப்பவன். இடுப்பு வலிக்கிறதென்று அவன் பாதி விருந்திலேயே செருப்பைக் கேட்டான். வாசலில் கழற்றி வாங்கி வைத்த செருப்பைக் கேட்டாலே கிளம்புகிறான் என்று அர்த்தம். விடைபெற வந்தவன் திதியஸின் காதில் கிசுகிசுத்தான்.

"ஒரே நாள்ல பெரிய மனுஷன் ஆயிட்டியேய்யா! நாளைக்கு எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

திதியஸ் துண்டை மடித்து அவன் கையில் திணித்தான். "சூடு ஆறுறதுக்குள்ள என் பொண்ணுகிட்ட குடுத்துடு."

அதன் பிறகும் நொவெல்லியஸ் தன் தட்டைத் தொடவில்லை. மதுவில் வெந்நீர் கலந்து, மெதுவாக ஒரு கோப்பை குடித்து முடித்தார். அவர் கண் மட்டும் திதியஸை விட்டு நகரவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"தேவர்கள் சாப்பாடுங்க ஐயா."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

நொவெல்லியஸ் பெருமூச்சு விட்டார். தட்டை இழுத்துவைத்து மிச்சக் காளான்களைச் சாப்பிட ஆரம்பித்தார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

தட்டு காலியான கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்து கோப்பை நழுவியது. உதட்டை விரலால் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று. திதியஸின் கையை எட்டிப் பிடித்தார்.

"நீ... நீதானடா முதல்ல தின்ன?"

அந்தப் பிடியை உதறிவிட்டு திதியஸ் எழுந்தான். மேசை சாய்ந்தது. யாரோ அலறினார்கள். அவன் வாசலைத் தாண்டி, வெயில் காய்ந்த கல் தெருவில் வெறுங்காலோடு ஓடினான்.

வெத்தியஸ் செருப்பைக் கேட்டு வாங்கிப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.