வீட்டுக்குப் போகும் வருடம்

கடையைக் காலி செய்யும் அன்று மனைவி ரெஜினா சொல்லிவிட்டாள். "வீட்டு அலமாரில ஒரு தட்டுக்குத்தான் எடமிருக்கு. ஏதாவது ஒரு வருஷத்த மட்டும் எடுத்துக்கிடுங்க."

ஜெரால்டு பதினோரு வருடங்களாக வீடியோ கேம் டிஸ்க்குகளை வாடகைக்கு விட்டவர். டிவியில் மாட்டி விளையாடும் ஒரே ஒரு வகை கன்சோலில் மட்டும் ஓடும் கேம்களை, அவை வெளிவந்த வருடவாரியாக, வருடத்துக்கு ஒரு தட்டாக அடுக்கி வைத்திருந்தார். எந்த வருடம் சிறந்தது என்று வாடிக்கையாளர்கள் கடை மேசையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அவர் வாயைத் திறந்ததில்லை.

இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். விருது வாங்கிய கேம்கள் நிறைந்த தட்டைக் கடந்தார். கீறலே விழாமல் புதுசு போலிருந்த தட்டையும் கடந்தார். மூன்றாவது தட்டிலிருந்த பதினான்கு பெட்டிகளையும் எடுத்துப் பையில் போட்டார்.

பை கனக்கவே இல்லை. ரெஜினா ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு இன்னொன்றை.

"எல்லாம் வெறும் பெட்டியால்லா இருக்கு. டிஸ்க்கெல்லாம் எங்க?"

"வாங்கிட்டுப் போனவங்க யாருக்கும் திருப்பித் தர மனசு வரல" என்று சொல்லிவிட்டு, ஜெரால்டு ஷட்டரை இறக்கினார்.