பனியாற்றின் அடிவாரத்தில்

“தள்ளாதீங்கப்பா! இடம் குறுகல். ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாங்க.”

புவியியல் வாத்தியார் அதட்டியதும், ஸ்வெட்டரும் குல்லாவுமாக நின்ற பிள்ளைகள் மெல்ல முன்னால் நகர்ந்தார்கள். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

“இதுதான் பனியாறு. சும்மா நிக்கிற மாதிரி இருக்கும், ஆனா தன் பாரத்தாலேயே கீழே நகரும். மலையையே அரிச்சுப் பள்ளத்தாக்கு ஆக்கிடும். வழியில சிக்கினதை எல்லாம் விழுங்கிடும்.”

“சார், உள்ளே பச்சையா ஏதோ தெரியுது!” என்றாள் வகுப்புத் தலைவி.

“என்னைக்கோ உறைஞ்சுபோன தாவரம்மா,” என்றார் வாத்தியார், அசராமல்.

“அது பட்டாணிப் பாக்கெட்! நேத்திலேருந்து வீடு பூரா தேடிக்கிட்டிருக்கேன். முதல்ல ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துங்க!”

எல்லோரும் திரும்பினார்கள். காய்கறிப் பையுடன் சமையலறை வாசலில் நின்றாள் வாத்தியாரின் மனைவி.

“மலைப் பயணத்தை ஹெட்மாஸ்டர் கடைசி நேரத்துல ரத்து பண்ணிட்டார். பிள்ளைங்க முகமெல்லாம் தொங்கிப்போச்சு, அதான்...” என்று இழுத்தார் அவர்.

“ஐஸைச் சுத்தம் பண்ணுங்கன்னு மாசக்கணக்கா தொண்டை கிழியக் கத்தினேனே! பாடம் நடத்தவா சேர்த்து வெச்சீங்க?”

பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள். குல்லாவுக்குள் வேர்த்து வழிந்த அந்த முகங்களைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் நேராகப் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

“ஐயையோ, உருகிடுமே!”

“உருகட்டும். பனி உருகினா வெள்ளம் வருமில்லே?” என்றவள், மூலையிலிருந்த மாப்பை எடுத்து அவர் கையில் திணித்தாள். “நிவாரணப் பணி எப்படின்னு சார் இப்போ செஞ்சு காட்டுவார். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க, பிள்ளைங்களா!”