காணாமல் போகும் தூண்கள்

"மேடம், இன்னிக்கும் தூணெல்லாம் காணோம்! ஏழு மாடியும் அந்தரத்துல நிக்குது."

போனில் அந்தக் குரலைக் கேட்டதும் அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பதறாதீங்க சார். லேயர் பட்டியலைத் திறங்க. 'தூண்'னு ஒரு வரி இருக்கா? பக்கத்துலயே ஒரு பல்பு படம் இருக்கும். எரியுதா, அணைஞ்சிருக்கா?"

"அணைஞ்சிருக்கு மேடம்."

"அதை ஒரு தட்டு தட்டுங்க."

"அட, வந்துடுச்சு! நல்லவேளை, தூணுக்குள்ளயே பைப்பை விட்டிருப்பேன்." சிரித்தார். "அப்புறம்... சாப்பிட்டீங்களா மேடம்?"

"ஆச்சு சார். நீங்க?"

"ரெண்டு துண்டு ரொட்டி. அது போதும். அங்க மழையா?"

"காலையிலேர்ந்து ஒரே தூறல்."

அவர் வேறோர் ஊரில், வேறொரு கம்பெனியில் குழாய்களுக்கு வரைபடம் போடுபவர். ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இவள் கம்ப்யூட்டரில் வரைய, தண்ணீர் எங்கே ஏறி எங்கே இறங்கும் என்று அதன்மேல் அவர் வரையவேண்டும். அவர் ஃபைலுக்கு அடியில் இவள் ஃபைல் இணைப்பில் கிடக்கும். அதில் சுவர், தூண், கதவு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்போலத் தனித்தனி லேயர்; ஒன்றின் பல்பை அணைத்தால் அது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. இவள் பக்கம் பல்பு எரிந்தால், காலையில் அவர் திறக்கும்போது அவர் பக்கமும் எரியும். இவள் அணைத்துவிட்டுப் போனால் அங்கேயும் அணைந்திருக்கும். அவர் தட்டி எரியவிட்டாலும் அது அன்றைக்கு மட்டும்தான். இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை.

போனை வைத்ததுதான் தாமதம், முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார்.

"பைப்புக்காரரா? தினமும் இதே பல்லவிதானா?"

"சின்ன சந்தேகம் சார்."

"ஒரு பல்பைத் தட்டத் தெரியல, இதெல்லாம் ஒரு ஆளு! எத்தனை நாளைக்கும்மா நீயும் 'அ, ஆ' சொல்லிக் கொடுப்பே? நாளைக்கும் அந்த ஆள்கிட்டேர்ந்து போன் வரட்டும், அவங்க கம்பெனிக்குச் சொல்லி ஆளையே மாத்திடறேன்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அது இதுதான். தினமும் சாயங்காலம் கிளம்புமுன் அந்தத் தூண் லேயரை அணைத்துவிட்டுப் போகிற புண்ணியவதி அவளேதான்!

முதல் தடவை மறதிதான். ஏதோ அச்செடுப்பதற்காகத் தூண்களை அணைத்தவள், திரும்ப எரியவிட மறந்துபோனாள். மறுநாள் காலையில் போன் வந்தது. பேச்சோடு பேச்சாக, சாப்பிட்டீங்களா என்றொரு கேள்வியும் வந்தது. அம்மா போனபிறகு அதை அவளிடம் யாருமே கேட்டதில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிகூடக் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, பேனா வேண்டுமென்றாலும் மின்னஞ்சல்தான் அனுப்புவாள். வீட்டுக்குப் போனால், காலையில் கவிழ்த்துவைத்த டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கும்.

அன்று சாயங்காலம் கை தானாகவே அந்தப் பல்பின்மேல் போய் நின்றது. சின்னப் புத்திதான். அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் அணைத்தாள். அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது.

நாமே கூப்பிட்டுப் பேசினால் என்ன என்று தோன்றாமலில்லை. கூப்பிட்டு என்னவென்று சொல்வது? முகம் தெரியாத மனிதரிடம் பேச ஒரு சாக்காவது வேண்டாமா?

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போனபிறகும் அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் ஐந்து நிமிஷ ஆசைக்கு ஒருவர் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? சேச்சே! தூண் லேயரை எரியவிட்டே சேமித்தாள். மூடித் திறந்து இன்னொரு தரம் பார்த்தாள். எல்லாப் பல்பும் மஞ்சளாக எரிந்தன. இனிமேல் போன் வராது. "எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும் மனுஷன்" என்று வாய்விட்டே சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள்.

மறுநாள் காலையில் முதலாளி நேராக அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"என்னம்மா, உன் சிஷ்யப்பிள்ளை இன்னும் கூப்பிடலையா?"

"இனிமே கூப்பிட மாட்டார் சார். கத்துக்கிட்டார்."

"பொழைச்சுப் போகட்டும்" என்று அவர் திரும்பி நடந்தார். போன் அடித்தது. நடந்தவர் நின்றார்.

அவள் எடுத்தாள்.

"மேடம்..." குரல் இழுத்தது. "தூணெல்லாம் இருக்கு மேடம். ஒண்ணுவிடாம தெரியுது. ஆனா பாருங்க... இன்னிக்குச் சுவரைக் காணோம்."

அவள் திரையைப் பார்த்தாள். சுவர் லேயரை அவள் ஒருநாளும் அணைத்ததே இல்லை. அதன் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"யாரும்மா போன்ல?" என்றார் முதலாளி.

போனைக் கையால் பொத்தாமல், காதிலிருந்து எடுக்காமல், அவள் சொன்னாள்: "வீட்டுலேர்ந்து சார்."