பதினேழாம் எண்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி வரைபடத்தை விரித்தார். வரப்போகிற கடைவளாகத்துக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே, குருவம்மாளின் தெரு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பச்சை வண்ணம்.

"கதவு நம்பர் இருந்தாத்தாம்மா ஆட்சேபணையை எழுத முடியும். இதுல காலியிடம்னுல்ல போட்டிருக்கு."

குருவம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் வாசல் நிலையிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த இரும்புத் தகட்டை நீட்டினாள். "நகராட்சிக்காரங்க அடிச்சிட்டுப் போனதுதான் சார். பதினேழு."

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்த வரைபடத்தின் ஓரத்தில் வைத்தார். காகிதம் அடங்கியது. "ஆட்சேபணை எவருக்கும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் நின்றாள்.

"தகட்டக் குடுங்க சார், வீட்டுல மாட்டணும்."

"இருங்கம்மா. இப்ப எடுத்தா மேப்பு பறந்துரும்."