டிரையல் போடாத படம்

1991, தை மாதம். சுங்குவார்சத்திரம் டூரிங் கொட்டகையின் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே 'பாண்டுரங்கன் பிலிம்ஸ், விநியோகஸ்தர்' என்று ஒரு போர்டு தொங்கியது. போர்டைத் தவிர பிலிம் சம்பந்தமாகப் பாண்டுரங்கன் காசு போட்டு வாங்கியது எதுவும் கிடையாது. அசல் தொழில் நிலத் தரகு. ரோட்டோரம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று காதில் விழுந்த நாளிலிருந்து, கையெழுத்துப் போடத் தெரியாத ஏழைகள் மேல் அவருக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

டிக்கெட் அறைக்குள் அவர் முன்னால் இரண்டு தகரப் பெட்டிகளோடு நின்றான் செந்தமிழன். ஜோல்னாப் பை, மழிக்காத தாடி, அழுக்கு ஜிப்பா. சொந்தக் காசில் கலைப்படம் எடுத்தவனுக்கு வேண்டிய சகல லட்சணங்களும் பொருந்தியிருந்தன.

"மெட்ராஸ்ல ஏறாத ஆபீஸ் இல்லண்ணே. 'ஃபைட்டு கீதா, டான்ஸ் கீதா'ன்றாங்கோ. இல்லாங்காட்டி 'பொட்டிய வச்சிட்டுப் போ, ஓடினா கமிஷன் கழிச்சுக்கினு தரோம்'ன்றாங்கோ. பொண்டாட்டி தாலிகூட அடகுக் கடையில கீது. ஒரே ஒரு கொட்டகையில ஓட்டிக் குடுங்க, போதும்."

"கலைப்படம்னா எனக்குத் தெரியாதா? ஒருத்தி கொடத்த எடுத்துக்கினு நடந்துகினே இருப்பா. அவ கெணத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஜனம் வூடு போய்ச் சேர்ந்துடும்."

ஆபரேட்டர் சுப்பன் முதலாளியை முந்திக்கொண்டு சிரித்தான்.

"சரி, கதை இன்னா?"

"பென்னலூர்ல ஒரு விதவைண்ணே. பென்ஷன் வாங்கித் தரேன்னு ஒரு புரோக்கர் கைநாட்டு வாங்கிடறான். பாத்தா கிரயப் பத்திரம். ஏரிக்கரை நெலம் போயிடுது." செந்தமிழன் ஒரு ஆல்பத்தைப் பிரித்தான். "நடிக்கிறதுக்கு நிஜ ஆளையே புடிச்சிட்டேன். கிளியம்மாள்னு பேரு."

முதல் போட்டோவில் கிளியம்மாள் மை அப்பிய கட்டைவிரலை நீட்டிக்கொண்டிருந்தாள், நேரே பாண்டுரங்கனைப் பார்த்து.

பாண்டுரங்கனின் சிரிப்பு எங்கேயோ காணாமல் போனது. அந்த விரலுக்கு மைப் பெட்டியை நீட்டிய புண்ணியவான் அவர்தான்.

"சுப்பா, போய் டீ வாங்கினு வா." சுப்பன் போனதும் கதவைச் சாத்தினார். "அந்தப் புரோக்கர் பேரு படத்துல வருதா?"

"பேரு வராதுண்ணே. ஆனா மூஞ்சி, நடை, வெத்தல துப்புற தினுசு, எல்லாம் அந்தம்மா சொல்லச் சொல்ல அப்படியே எடுத்துக்கீறேன். பாத்தா இந்தப் பக்கத்து ஜனம் ஆளைக் கண்டுபுடிச்சிடுமாம். எவன்னு எனக்கின்னா தெரியும்? நீங்களே பாருங்களேன். சுப்பண்ணன் வந்ததும் ஒரு டிரையல் போட்டுடலாம்."

டிரையல் பார்க்காமல் படம் வாங்குவது விநியோகத் தொழிலிலேயே கிடையாது. எவ்வளவு கேடுகெட்ட படத்துக்கும் அந்த மரியாதை உண்டு. ஆனால் டிரையல் என்றால் மெஷினை ஓட்டச் சுப்பன் வேண்டும். சுப்பன் பார்த்தால் டீக்கடை பார்த்த மாதிரி. டீக்கடையிலிருந்து காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டால் கலெக்டர் ஆபீஸே பார்த்த மாதிரி. மெட்ராஸில் போட்டாலும் அங்கேயும் ஒரு சுப்பன் இருப்பான்.

"டிரையலும் வேணா, மயிரும் வேணா. செங்கல்பட்டு ஏரியா, ஆற்காடு ஏரியான்னு பிச்சுப் பிச்சுப் பேசவும் வேணா. அவுட்ரைட்டா மொத்தத்தையும் நானே எடுத்துக்கறேன். நெகட்டிவ் எங்க?"

"இந்த ரெண்டு பொட்டில ஒண்ணு பிரிண்ட்டு, ஒண்ணு நெகட்டிவ்வுண்ணே. லேபுக்கு வாடகை கட்ட முடியாம தூக்கினு வந்துட்டேன். ஆனா பாக்காம வாங்கறது தொழிலுக்கே அடுக்காதுண்ணே! ஒரே ஒரு ரீலு..."

"பொட்டியத் தொறந்தா பேச்சு முறிஞ்சிடும்."

செந்தமிழன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு ஷோவாவது ஓட்டணும்னு அக்ரிமெண்ட்ல எழுதிக்கலாமாண்ணே?"

"எழுதுய்யா! ஒரு ஷோ இன்னா, நூறு நாளுன்னே எழுதிக்க."

பத்திரத்தில் இருப்பதை நடத்திப் பழக்கமில்லாதவர் ஆகையால், பாண்டுரங்கன் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார். தாலி, வட்டி, லேப் பாக்கி என்று செந்தமிழன் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்ன தொகையை, ஏரிக்கரை நிலத்துக்கு வந்திருந்த அட்வான்ஸிலிருந்தே எடுத்து மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். பேரமே பேசவில்லை. அவர் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

மத்தியானமே இரண்டு பெட்டிகளும் பாண்டுரங்கனின் செங்கல் சூளைக்குப் போயின. மூடியைத் திறந்து, உள்ளே பிலிம் சுருள்கள் இருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, தன் கையாலேயே நெருப்பில் தள்ளினார்.

பின்னாலேயே சைக்கிள் மிதித்து வந்த செந்தமிழன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ! என் வயித்துல அடிச்சிட்டியேண்ணே! நூறு நாள் ஓட்டறேன்னியே!"

"முழு உரிமை என்னுதுய்யா. ஓட்டவும் செய்வேன், கொளுத்தவும் செய்வேன். போ, போய் கேஸ் போடு. இன்னான்னு போடுவ? எரிஞ்ச படத்தை எந்த ஜட்ஜுக்குப் போட்டுக் காட்டுவ?" பாண்டுரங்கன் வெற்றிலையைக் காறித் துப்பினார். "இதுக்குத்தான் கலைக்காரனுங்கள ஊருக்குள்ள வுடக் கூடாதுன்றது. பொழைக்கத் தெரியாத பசங்க."

செந்தமிழன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது, வேர்க்கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் கிளியம்மாள். அவள் மடியில் மஞ்சள் பையை வைத்தான்.

"கொளுத்திட்டானா?"

"கொளுத்திட்டான்கா."

"ஒரு தபாகூட போட்டுப் பாக்கலியா?"

"கால்ல வுழாத கொறையாக் கெஞ்சினேன்கா. மாட்டவே மாட்டேன்னுட்டான்."

போட்டிருந்தால், வடபழனி லேபில் கிலோ கணக்கில் எடைக்கு வாங்கிய கழிவு பிலிம்தான் ஓடியிருக்கும். வாலாஜாபாத்தில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கும் செந்தமிழன், ஒரு அடி சினிமாகூட இதுவரை எடுத்ததில்லை.